லோக்கல்மாட்கான்ஃபிக்கும் மீன் தராசும்

கெடிலக்கரை:
கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். தராசில் ஏறும் எடை யுஎஸ்பி ஒயர் வழியாகக் கணினிக்குப் போய் பில் ஆகும். டெபியன் லினக்ஸ் ஓடும் பழைய மிஷின். ஆன் ஆகவே நேரமாகிறது என்று யாரிடமோ கொடுக்க, அவர் லினக்ஸின் மையமான கெர்னலைச் சின்னதாக பில்ட் செய்து போட்டுக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலை, வரத்து நேரம் பார்த்து திரையில் பூஜ்யம். "தம்பி, சீட்டுல கையால எழுதிக்கிட்டிருக்கோம், கொஞ்சம் வாப்பா" என்று போன்.

செருகியிருக்கும் யுஎஸ்பி சாதனங்களைக் காட்டும் எல்எஸ்யுஎஸ்பி அடித்தால் 1ஏ86:7523 என்ற அடையாள எண் வருகிறது. ஒயரில் இருக்கும் சிஹெச்340 சிப் அது. ஆனால் எடை வந்துசேர வேண்டிய டிடிஒய்யுஎஸ்பி0 என்ற போர்ட் இல்லை, அதை உருவாக்கும் டிரைவரே இல்லை. பில்டுக்கு முன் கொடுக்கும் 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற கட்டளை செய்த வேலை. அந்த நேரத்தில் ஏற்றியிருப்பதாக எல்எஸ்மாட் கட்டளை காட்டும் மாட்யூல்களை (கெர்னலில் தேவைப்படும்போது ஏற்றும் டிரைவர் போன்ற துண்டுகள்) மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்துவிடும். அவர் கணினியை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செய்திருக்கிறார். தராசு கடையில் இருந்தது.

நல்லவேளை, கெர்னல் சோர்ஸ் டிஸ்கிலேயே கிடந்தது. கெர்னலில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக்கில் யுஎஸ்பி சீரியல், அதற்குள் சிஹெச்341 (சிஹெச்340-க்கும் இதே டிரைவர்தான்), இரண்டுக்கும் மாட்யூல் என்பதற்கான எம் போட்டு மேக், அப்புறம் மாட்யூல்ஸ் இன்ஸ்டால். ஏற்கெனவே கம்பைல் ஆனதைத் தொடாது என்பதால் டீ குடித்து வருவதற்குள் முடிந்தது. மாட்யூலை ஏற்றும் மாட்ப்ரோப் கொடுத்ததும் எடை ஓட ஆரம்பித்தது.

இத்தனைக்கும், ஏற்றாத மாட்யூல் டிஸ்கில் கிடக்குமே தவிர ரேமைத் தின்னாது. இப்படிக் கழிப்பதால் மிச்சமாவது பெரும்பாலும் பில்ட் நேரம்தான். கடைக் கணினிக்கு ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டிருக்கலாம்.

லாஸ்பேட்டை:
நான் பிரிண்டர், டாங்கிள் எல்லாம் செருகிவிட்டுத்தான் எல்எஸ்மாட் எடுப்பேன். பென்டிரைவைச் செருகினால் மட்டும் போதாது, மவுண்ட் செய்யணும். மவுண்ட் செய்யாவிட்டால் பழைய பயாஸ் மிஷினில் விஃபேட் (பென்டிரைவில் வழக்கமாக இருக்கும் ஃபைல் சிஸ்டம்) பட்டியலில் வராது. அந்தப் பட்டியலை ஒரு ஃபைலில் எடுத்துப்போய், வேகமான வேறு மிஷினில் 'எல்எஸ்மாட்=' என்று கொடுத்தும் பில்ட் பண்ணலாம்.

மஞ்சக்குப்பம்:
பூட் மெனுவான கிரப்பில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து பூட் செய்திருந்தால் அப்போதே தராசு ஓடியிருக்குமே அண்ணே?

கெடிலக்கரை:
முதலில் அதைத்தான் தேடினேன். இடம் அடைக்கிறது என்று பழைய கெர்னலை நீக்கியிருந்தார். அதைவிடப் பல மடங்கு பெரிய சோர்ஸை மட்டும் விட்டுவைத்திருந்தார்!