பலிபீடத்துக்கு முன்னால் சொன்ன விருப்பு இலக்கம்

கொட்டகலைச் சாரல்:
பாராளுமன்றத் தேர்தலுக்கு முந்திய ஞாயிறு, இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆலயம். காணிக்கைப் பாட்டு முடியுமுன்பே வேட்பாளர் ஆட்களோடு வந்துவிட்டார். போதகர் அவரை முன்னுக்கு அழைத்துத் தலையில் கைவைத்து ஜெபித்தார். அதில் குறையில்லை, அதிகாரத்தில் உள்ளவர்களுக்காக ஜெபிக்கத்தான் 1 தீமோத்தேயு 2 சொல்கிறது. ஆனால் ஆமென் சொன்ன கையோடு அவருடைய விருப்பு இலக்கத்தை (கட்சிப் பட்டியலில் அந்த வேட்பாளருக்கு உரிய எண்ணை) ஒலிவாங்கியில் இரண்டு தரம் சொன்னார். முன்வாங்கில் இருந்த அம்மா ஒருவர், கொழுந்து பறித்து வெடிப்பு விழுந்த உள்ளங்கையில் அதைப் பேனையால் எழுதிக்கொண்டார். வெளியே வந்து அவர் கேட்ட கேள்வி: "இந்த நம்பருக்குப் போடாட்டி பாவமாங்க ஐயா?"

1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம் இதைத் தகாத செல்வாக்கு என்கிறது. சமயக் கூட்டத்தில் வாக்கை மாற்றப் பேசுவது, துண்டுப்பிரசுரம் கொடுப்பது, வழிபாட்டிடத்தில் வேட்பாளருக்காகக் கூட்டம் வைப்பது எல்லாம் அதற்குள் வரும். ஆன்மிகத் தீங்கு வரும் என்று பயமுறுத்துவதும் அப்படித்தான். அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13ஐ வாசித்துவிட்டு அடுத்த நிமிடமே சட்டத்தை மீறலாமா?

லயத்து விளக்கு:
சாரல் சொல்வது சரி. ஆனால் அதைக் கேட்டுவிட்டு "அரசியல் நமக்கு வேண்டாம்" என்று ஒதுங்கும் சபைகளைத்தான் நான் அதிகம் காண்கிறேன். அப்படிப்பட்ட சபை ஒன்றில், "நம்முடைய குடியிருப்பு பரலோகத்தில்" என்று மாதக்கணக்காகப் பிரசங்கம். வாக்களிப்பு நாளன்று அந்தச் சபையின் பெரியம்மா ஒருவர் அடையாள அட்டை இல்லாமல் சாவடி வாசலில் திருப்பி அனுப்பப்பட்டார். அந்த வசனத்தை எழுதிய அதே பவுல்தான் ரோமக் குடியுரிமையைச் சொல்லிச் சவுக்கடியை நிறுத்தினார், இராயனுக்கு (ரோமப் பேரரசனுக்கு) மேன்முறையீடும் செய்தார் (அப்போஸ்தலர் 22, 25).

1947இல் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த வருடம் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது, அதையடுத்து வாக்குரிமையும் போயிற்று. மிச்சமிருந்த நாடற்றவர்களின் கணக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. இத்தனை வருடம் வாக்கில்லாமல் கிடந்த சனத்திடம் வாக்கு வேண்டாம் என்று சொல்ல எந்தப் போதகருக்கும் வாய் வரக்கூடாது.

ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை:
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சபை இலக்கம் சொல்ல வேண்டியதில்லை, செய்ய வேண்டிய வேலை வேறு.

முதலில் தேருநர் இடாப்பு, அதாவது வாக்காளர் பட்டியல். திருத்தம் நடக்கும்போது கிராம உத்தியோகத்தரிடம் போய் ஒவ்வொரு லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) ஆட்களின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகளின் பெயர்தான் வழக்கமாக விடுபடும், வீட்டில் ஆளில்லை என்று எழுதிவிடுவார்கள். தேசிய அடையாள அட்டை இல்லாதவர் தற்காலிக அட்டைக்கு இரண்டு படத்தோடு கிராம உத்தியோகத்தர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது. வாக்காளர் அட்டை வராவிட்டால் பயப்பட வேண்டாம். இடாப்பில் பெயரும் கையில் அடையாள அட்டையும் இருந்தால் போதும்.

வாக்களிக்கச் சம்பளத்தோடு குறைந்தது 4 மணித்தியால விடுப்பு சட்டப்படி உண்டு. அதை எழுத்தில் கேளுங்கள். மலையில் நின்று வாயால் கேட்டால் "கொழுந்து நிறுத்திட்டுப் போ" என்றுதான் பதில் வரும்.

பிறகு புள்ளடி, அதாவது வாக்குச்சீட்டில் போடும் X அடையாளம். பாராளுமன்றத் தேர்தலில் முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, அதன் பிறகே விருப்பு இலக்கங்கள், மூன்றுக்கு மேல் கூடாது. நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, கட்சியை விட்டுவிட்டு இலக்கத்துக்கு மட்டும் கீறுவது. அந்த வாக்கு வீண். இலக்கத்தை மட்டும் மனப்பாடம் பண்ணவைப்பதால் வரும் வினை இது! சாரல் கண்ட அம்மாவின் உள்ளங்கையிலும் கட்சிச் சின்னம் இருந்திருக்காது. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று எழுதலாம், அல்லது ஒரே ஒரு புள்ளடி. இரண்டையும் கலக்காதீர்கள். 2024இல் செப்டெம்பர் 21, நவம்பர் 14 என்று இரண்டு தேர்தலும் அடுத்தடுத்து வந்தபோது பலருக்கு இதில்தான் குழப்பம். பிரதேச சபைக்கு ஒரே புள்ளடி, விருப்பு வாக்கே கிடையாது. வெற்றுத் தாளில் மாதிரி கீறிப் பழக்குங்கள். அதில் உண்மையான கட்சியின் பெயரோ சின்னமோ இருக்கக்கூடாது.

ஊவாக்காரன்:
கணக்கப்பிள்ளை ஐயா, தேர்தல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. பொலிஸ் வாசலுக்கு வருவது எந்த நாளும் நடக்கலாம். வீட்டு ஜெபக்கூட்டம் ஒன்றுக்கு வந்த அதிகாரி சமய விவகார அமைச்சின் 2008 சுற்றறிக்கையைக் காட்டி "பதிவில்லை, நிறுத்துங்க" என்றார். பாதிப் பாட்டில் சபை கலைந்தது, பிள்ளைகள் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினார்கள். அந்தச் சுற்றறிக்கை புதிய வழிபாட்டிடம் கட்டுவதைப் பற்றியது. கூடி வழிபடும் உரிமை அரசியலமைப்பின் 14(1)(உ) உறுப்புரையில் இருக்கிறது. மரியாதையோடு உத்தரவை எழுத்தில் கேளுங்கள், பெயரையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் ஒப்பமிடாதீர்கள். உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த மாதத்தில் சேராது.

லயத்து விளக்கு:
இன்னொன்று. கூலியைப் பற்றிப் பிரசங்கித்தால் உடனே அரசியல் என்கிறார்கள். 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் (அரசிதழில்) தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று வந்தது. வர்த்தமானி சொல்லும் கூலி கைக்கு வருகிறதா என்று கேட்பது, பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்னும் யாக்கோபு 5:4. கட்சியின் பெயர் அதில் எங்கே வருகிறது?

கொட்டகலைச் சாரல்:
ஒத்துக்கொள்கிறேன். அந்த அம்மாவுக்கு என்ன பதில் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். பாவமில்லை, வாக்குச்சீட்டில் உங்கள் பெயரில்லை, யாருக்குப் போட்டீர்கள் என்று போதகருக்கும் தெரியாது, தலைவருக்கும் தெரியாது என்று அங்கேயே சொல்லப்பட்டது. அவர் சேலைத் தலைப்பை எச்சிலால் நனைத்து அந்த இலக்கத்தைத் துடைக்கத் தொடங்கினார்.