வினா எண்ணில் ஓர் எழுத்து மாறினால் கட்டுரைக்குப் பூஜ்யமா?

மயூர் விஹார் தந்தை:
எண்ணை மாற்றிப் போட்டால் பூஜ்யம்தான், திருத்துபவர் தேடிக்கொண்டிருக்க மாட்டார் என்று முனிர்க்கா பெரியவர் நேற்று இங்கே எழுதியதைப் படித்துவிட்டு, சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு எழுதிய என் மகள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். கட்டுரைக்குக் கொடுத்த இரு தலைப்புகளில் இரண்டாவதைத் தேர்ந்து, 'நூலகத்தின் பயன்கள்' என்று தலைப்பிட்டு, அடிக்கோடும் இட்டு, முன்னுரை முதல் முடிவுரை வரை ஒழுங்காக எழுதியிருக்கிறாள். வினா எண்ணும் சரி. அதனருகில் 'ஆ' என்பதற்குப் பதிலாக 'அ' என்று விழுந்துவிட்டது, அவ்வளவுதான். இதற்குப் பூஜ்யம் என்று எந்த விதி சொல்கிறது?

முனிர்க்கா பெரியவர்:
விடை எழுதத் தொடங்குமுன் வினாவின் வரிசை எண்ணை எழுத வேண்டும் என்று வினாத்தாளின் முதல் பக்கமே சொல்கிறது. 10.15-க்குத் தாளைக் கொடுத்து, 10.30 வரை படிப்பதற்கென்றே 15 நிமிடம் ஒதுக்குகிறார்கள். அத்தனைக்குப் பிறகும் எண்ணைத் தவறவிட்டால், அது முகவரி தவறிய கடிதம். நான் விடைத்தாள் திருத்தியவன். கேள்விப்பட்டதை எழுதுபவன் அல்லன்.

கரோல் பாக் ஆசிரியை:
பெயர் சரியாக இருந்தால் எங்கள் தெருத் தபால்காரர் கடிதத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார், ஐயா. எண்ணை எழுதச் சொல்லும் அந்த வரியில் பூஜ்யம் என்ற சொல் எங்கே இருக்கிறது? ஒரு மாணவர் கூடுதல் வினாவுக்கு விடை எழுதியிருந்தால்கூட, அதிக மதிப்பெண் பெறத்தக்க விடையை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிட வேண்டும் என்பதே திருத்துவோருக்கான வழிகாட்டுதல். விடையை மதிப்பிடாமல் விட்டுவிடுவதை அதே வழிகாட்டுதல் திருத்துவோர் செய்யும் பிழைகளில் ஒன்றாகத்தான் சேர்த்திருக்கிறது.

முனிர்க்கா பெரியவர்:
கூடுதல் வினா வேறு, தவறான எண் வேறு. 'அ' என்று போட்டால் அது 'அ'வுக்கு எழுதிய விடை. 'அ' கேட்டது நூலகத்தை அன்று. நாளொன்றுக்கு 20, 25 விடைத்தாள்களைத் திருத்தும் ஒருவர் ஒவ்வொரு பிள்ளையின் மனத்திலும் புகுந்து பார்க்க முடியுமா? 2026-இல் அறிவியல் தாளை மூன்று பிரிவாகவும் சமூக அறிவியல் தாளை நான்கு பிரிவாகவும் பிரித்து, ஒரு பிரிவின் விடையை இன்னொன்றில் எழுதினால் மதிப்பிட மாட்டோம் என்றே வாரியம் அறிவித்ததே, அம்மையார் அதைப் படிக்கவில்லையா?

கரோல் பாக் ஆசிரியை:
நன்றாகவே படித்தேன். அந்த இரு பாடங்களுக்கும் தனியாக அறிவிக்க வேண்டியிருந்தது என்பதே, தமிழ்த் தாளுக்கு அப்படியொரு விதி இல்லை என்பதற்குச் சான்று.

ஜனக்புரிக்காரன்:
பெரியவருக்கு இது புதிதன்று. சங்கத்துக் கட்டுரைப் போட்டியில், பெயரை வலப்பக்கம் எழுதாமல் இடப்பக்கம் எழுதினான் என்று என் மகனின் கட்டுரையைப் படிக்காமலே ஒதுக்கியவர் இவர்தான்.

முனிர்க்கா பெரியவர்:
வலப்பக்கம் எழுத வேண்டும் என்பது துண்டறிக்கையிலேயே இருந்தது. அந்தக் கட்டுரையை நான் படித்திருந்தால் உங்கள் வருத்தம் இன்னும் கூடியிருக்கும்.

ஜனக்புரிக்காரன்:
படித்திருந்தால் உங்கள் தமிழ் கொஞ்சம் தேறியிருக்கும்.

மயூர் விஹார் தந்தை:
சங்கத்துச் சண்டையைச் சங்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வந்ததும் விடைத்தாள் நகலை வாங்கிப் பார்க்கப் போகிறேன். பூஜ்யம் என்றிருந்தால் மறுமதிப்பீடும் கேட்பேன்.

முனிர்க்கா பெரியவர்:
தாராளமாகக் கேளுங்கள். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறைந்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும் மகளிடம் சொல்லிவையுங்கள். 'அ' என்றால் 'அ'தான்.

கரோல் பாக் ஆசிரியை:
அடிக்கோடிட்ட தலைப்பைப் படிக்காமல் அதனருகிலுள்ள ஓரெழுத்தை மட்டும் படிப்பவரிடம் எத்தனை விடைத்தாள்கள் அகப்பட்டனவோ, அந்தப் பிள்ளைகளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

முனிர்க்கா பெரியவர்:
நான் திருத்திய தாள்களில் கூட்டல் பிழை ஒன்றுகூட வந்ததில்லை. தங்களால் அப்படிச் சொல்ல முடியுமா?

ஜனக்புரிக்காரன்:
எல்லாருக்கும் பூஜ்யம் போட்டால் கூட்டுவதற்கு என்ன இருக்கிறது?