அப்பத்தா வீடு குரூப்ல அக்கி ஊசிப் பேச்சு

சனிக்கிழமை

பெரியப்பா (இரவு 7:42): பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது
மறதி நோய்க்கு மருந்து வந்தாச்சு!!! அமெரிக்க ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக கண்டுபிடிப்பு. ஒரே ஊசி. மறதி போயே போச்சு. அனைவருக்கும் பகிரவும் 🙏🙏

பெரியப்பா: கார்த்திகா இது உண்மையாம்மா. அம்மாவுக்கு போட்டுரலாமா. காசு எவ்வளவானாலும் பரவாயில்ல

செல்வி சித்தி: ஆமா கார்த்தி கொஞ்சம் பாத்து சொல்லு. இன்னைக்கு காலையில காபி குடுக்கப் போனேன், நீ யாரு வீட்டு புள்ளன்னு அத்தை என்னையவே கேட்டுட்டாங்க. டம்ளர காலி பண்ணிட்டு செல்வின்னு கூப்டாங்க

கார்த்திகா (8:05): பெரியப்பா இதுல பாதி உண்மை பாதி பொய். ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிஜமாவே இருக்கு, நேச்சர் இதழ்ல 2025 ஏப்ரல்ல வந்துச்சு, எங்க டிபார்ட்மென்ட்ல அத வச்சு ரெண்டு வாரம் கிளாஸ் எடுத்தாங்க. ஆனா அது மறதிய குணமாக்குற ஊசி இல்ல. அக்கி வராம தடுக்குற ஊசி. அத போட்டுக்கிட்டவங்களுக்கு மறதி நோய் வர்றது குறைஞ்சிருக்கு, அதான் கண்டுபிடிப்பு

வள்ளி அத்தை: அக்கியா? அம்மாவுக்கு வந்துச்சே அதா

கார்த்திகா: அதே அக்கிதான் அத்தை. சின்ன வயசுல சின்னம்மை போடுதுல்ல, தலைக்கு தண்ணி ஊத்துன உடனே அந்த கிருமி ஒடம்ப விட்டு போயிறாது. முதுகுத்தண்டு ஓரமா இருக்குற நரம்பு முடிச்சுல போயி படுத்துக்கும், முப்பது நாப்பது வருஷம் கூட சும்மா கெடக்கும். வயசாகி எதிர்ப்பு சக்தி குறையுறப்ப முழிச்சுக்கிட்டு அந்த ஒரு நரம்பு போற வழியிலயே கொப்புளமா வெளிய வரும். அதனாலதான் அக்கி ஒரு பக்கமா மட்டும் பட்டை கட்டுன மாதிரி வருது

செல்வி சித்தி: அத்தைக்கு அப்படித்தான் வந்துச்சு. இடது பக்கம் விலாவுல ஆரம்பிச்சு முதுகு வரைக்கும். ரவிக்கை போட முடியல, சேலை தலைப்பு பட்டாலே நெருப்ப வச்சு தேய்க்கிற மாதிரி இருக்குன்னு அழுவாங்க. நாங்க வேளார் வீட்டுக்கு கூட்டிட்டு போயி அக்கி எழுதுனோம், காவிய குழைச்சு கோழி இறகால முதுகு பூரா எழுதிவிட்டாரு பெரியவரு. குளிர்ச்சியா இருக்குன்னாங்க, அன்னைக்கு ராத்திரி மட்டும் தூங்குனாங்க. அஞ்சாம் நாளு வலி தாங்காம ஒரு ஆஸ்பத்திரிக்கு போனா சூட்டுக் கொப்புளம்னு சொல்லி களிம்பு குடுத்து அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் கொப்புளம் காய்ஞ்சும் வலி ஒன்றரை வருஷம் இருந்துச்சு

வள்ளி அத்தை: அத நெனச்சா எனக்கு இன்னும் மனசு ஆறல செல்வி. நான் நர்ஸா இருந்துட்டு எங்கம்மாவுக்கு நேரத்துல மாத்திரை குடுக்க முடியல. கொப்புளம் தெரிஞ்சு மூணு நாளைக்குள்ள, அதாவது 72 மணி நேரத்துக்குள்ள அசைக்ளோவிர் மாதிரி மாத்திரை ஆரம்பிக்கணும், அப்பத்தான் நல்லா கேக்கும். எழுதுறது எழுதிக்கங்க நான் வேணாம்னு சொல்லமாட்டேன், ஆனா அன்னைக்கே டாக்டரையும் பாருங்க. யாருக்கு வந்தாலும் எனக்கு போன் பண்ணுங்க, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் சரி

செந்தில் அண்ணன் (8:31): கார்த்தி ஒரு டவுட்டு. ஊசி போட்டுக்குறவங்க யாரு, காசு இருக்கறவங்க, படிச்சவங்க, வாக்கிங் போறவங்க, சுகர் பிபி செக் பண்றவங்க. அவங்களுக்கு எப்படியும் மறதி கம்மியாத்தான் வரும். அத ஊசியால வந்ததுன்னு எப்படி சொல்றாங்க. கம்பெனிக்காரன் காசு குடுத்து எழுத வச்சதா கூட இருக்கலாம்ல

கார்த்திகா: அண்ணே நீங்க கேட்டதுதான் சரியான கேள்வி. இதுக்கு முன்னாடி வந்த நிறைய ஆராய்ச்சிய யாரும் முழுசா நம்பாததுக்கு நீங்க சொன்ன இதே காரணம்தான். ஆனா இவங்க செஞ்சது வேற மாதிரி, எனக்கு இது ரொம்ப புடிச்ச விஷயம்ங்கறதால கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுமையா படிங்க

கார்த்திகா: பிரிட்டன்ல வேல்ஸ்னு ஒரு பகுதி இருக்குல்ல. அங்க 2013 செப்டம்பர் 1ஆம் தேதி அரசாங்கம் அக்கி ஊசித் திட்டத்த ஆரம்பிச்சுச்சு. ஊசி எல்லாருக்கும் குடுக்குற அளவுக்கு இல்ல, அதனால ஒரு கோடு போட்டாங்க. 1933 செப்டம்பர் 2ஆம் தேதியோ அதுக்கப்புறமோ பொறந்தவங்களுக்கு வரிசைப்படி ஊசி உண்டு. அதுக்கு ஒரு நாள் முன்னாடி பொறந்திருந்தாக்கூட கிடையாது, கடைசி வரைக்கும் கிடையாது, ஏன்னா அவங்க ஏற்கெனவே 80 தொட்டுட்டாங்க

கார்த்திகா: இப்ப யோசிச்சு பாருங்க. ஆகஸ்ட் கடைசி வாரம் பொறந்த ஒரு பாட்டியும் செப்டம்பர் மொத வாரம் பொறந்த ஒரு பாட்டியும். ஒரே ஊரு, ஒரே வயசு, ஒரே சாப்பாடு, ஒரே குளிரு. ஒரு வாரம் முந்தி பொறந்ததால ஒருத்தங்க பணக்காரங்களாவோ அதிகம் படிச்சவங்களாவோ ஆயிரப் போறதில்ல. ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்குற ஒரே வித்தியாசம் அந்த கோடுதான். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஊசி போட்டவங்க கிட்டத்தட்ட யாருமே இல்ல, 0.01 சதவீதம். இந்தப் பக்கம் 47 சதவீதம். ஏழு வருஷம் கழிச்சு ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு பாத்தாங்க, போட்டுக்கிட்டவங்களுக்கு புதுசா மறதி நோய் வர்றது அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சிருந்துச்சு, 20 சதவீதம். பொம்பளைங்களுக்கு இன்னும் நல்லா குறைஞ்சிருக்கு

செந்தில் அண்ணன்: அட

செந்தில் அண்ணன்: அதே தேதிய வச்சு வேற ஏதாவது சலுகையும் குடுத்திருந்தா? பென்ஷன் மாதிரி

கார்த்திகா: அதையும் தேடிப் பாத்திருக்காங்க, அந்த தேதிய வச்சு வேற எந்த திட்டமும் இல்ல. சுகர், பிபி, மத்த தடுப்பூசி, எல்லாமே கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கு. கம்பெனி விஷயம், அவங்க ஆராய்ஞ்சது உயிருள்ள கிருமிய வலுவிழக்க வச்சு செஞ்ச பழைய ஊசி, அத தயாரிக்கிறதையே நிறுத்திட்டாங்க, அத வச்சு யாரு லாபம் பாக்கப் போறா. ஆராய்ச்சிக்கு எடுத்ததும் எப்பவோ பதிவான மருத்துவக் குறிப்புகள்தான், 2,80,000க்கு மேல ஆளுங்களோடது. பேரு விலாசம் எல்லாம் எடுத்துட்டு ஸ்வான்சி பல்கலைக்கழகத்துல பத்திரமா வச்சிருக்காங்க

பாலா (9:10): இப்பத்தான் லேப்ல இருந்து வந்தேன், எல்லாத்தையும் படிச்சேன். கார்த்தி எங்க ஃபிசிக்ஸ்காரங்க பொறாமைப்படணும் இத பாத்து. 2025ல நோபல் வாங்குன கிளார்க், டெவோரே, மார்டினிஸ் மூணு பேரும் 1984, 85ல பெர்க்லி யுனிவர்சிட்டியில ஒரு சின்ன சர்க்யூட்ட வச்சு சோதனை பண்ணப்போ அதுக்குள்ள போற ஒவ்வொரு வயர்லயும் வெளி இரைச்சல வடிகட்டி, தனிப்பூஜ்யத்துக்கு, அதாவது மைனஸ் 273 டிகிரிக்கு பக்கத்துல குளிர வச்சு, அப்புறம்தான் நம்பி அளந்தாங்க. எங்களுக்கு அந்த வசதி இருக்கு. மனுஷங்கள அப்படி தனியா எடுத்து வச்சு அளக்க முடியாதே. இங்க பொறந்த தேதியே அந்த வடிகட்டி வேலைய செஞ்சிருக்கு

கார்த்திகா: சூப்பரா சொன்ன பாலா!! இந்த வழி மருத்துவத்துல இருந்து வந்ததே இல்ல, பொருளாதாரக்காரங்க பழக்குனது. ஆங்ரிஸ்டும் க்ரூகரும் 1991லயே அமெரிக்காவுல வருஷத்தோட எந்த காலாண்டுல பொறந்தாங்கங்கறத வச்சு, ஒரு வருஷம் கூட படிச்சா சம்பளம் எவ்வளவு கூடும்னு கணக்கு போட்டாங்க. ஆங்ரிஸ்ட், இம்பென்ஸ், கார்டு மூணு பேருக்கும் 2021ல பொருளாதார நோபல் கெடைச்சது இந்த மாதிரி வேலைக்குத்தான். அந்த இம்பென்ஸ் இருக்கறதும் ஸ்டான்ஃபோர்டுலதான். சம்பளத்த கணக்கு போட பயன்படுத்துன மாதிரி வழி இன்னைக்கு நம்ம அப்பத்தா நோய்க்கு வந்து உதவுது பாரு, எனக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மேல இருக்குற ஆசைக்கு இதுதான் காரணம்

பெரியப்பா (9:26): கார்த்திகா எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அப்ப அக்கி வந்ததாலதான் அம்மாவுக்கு மறதி வந்துச்சா. நாம அன்னைக்கு ஒழுங்கா பாத்திருந்தா அம்மா நல்லா இருந்திருப்பாங்களா

கார்த்திகா: பெரியப்பா அப்படி எடுத்துக்காதீங்க. லட்சக்கணக்கான பேர சேத்து பாத்து கெடைச்ச கணக்கு இது, ஒரு ஆளுக்கு ஏன் வந்துச்சுன்னு இத வச்சு யாராலயும் சொல்ல முடியாது. ஊசி போட்டுக்கிட்டவங்கள்லயும் நிறைய பேருக்கு மறதி வந்திருக்கு. 20 சதவீதம்னு சொன்னேன்ல, அத ஆள் கணக்குல சொன்னா நூறு பேர் போட்டா ஏழு வருஷத்துல மூணு நாலு பேர் தப்பிக்கிறாங்க. அந்த கிருமி முழிக்காம இருக்கறதால குறையுதா, இல்ல ஊசி எதிர்ப்பு சக்தியவே வேற மாதிரி தட்டி எழுப்புதாங்கறது இன்னும் முடிவாகல. வேளார் வீட்டுக்கு போனதாலயோ நீங்க வெளியூர்ல இருந்ததாலயோ அப்பத்தாவுக்கு மறதி வந்துச்சுன்னு எந்த ஆராய்ச்சியும் சொல்லல

வள்ளி அத்தை: அண்ணே கேட்டீங்கள்ல. மனச போட்டு வதைக்காதீங்க. அந்த ஒன்றரை வருஷமும் நீங்கதான் மாசாமாசம் வந்து வலி மாத்திரை வாங்கி குடுத்தீங்க

பெரியப்பா: சரிம்மா

செல்வி சித்தி: இப்ப அத்தைக்கு போட்டா பிரயோஜனம் இருக்குமா கார்த்தி

கார்த்திகா: அதே குழு 2025 டிசம்பர்ல இன்னொரு கட்டுரை போட்டாங்க சித்தி, அதே வேல்ஸ் கணக்க வச்சு. ஏற்கெனவே மறதி நோய் இருந்தவங்கள்ல கூட ஊசி போட்டவங்க அந்த நோயால இறந்தது குறைவா இருந்துச்சுன்னு. நல்ல செய்திதான், ஆனா அத நம்பி போனது திரும்பி வரும்னு நெனச்சிறக் கூடாது. அக்கி ரெண்டாவது தடவையும் வரலாம், அது வராம இருக்கறதுக்காக போடலாமான்னு டாக்டர்கிட்ட கேப்போம். அப்புறம் இப்ப நம்ம ஊர்ல கெடைக்கறது வேற புது ஊசி, இதுல உயிருள்ள கிருமி இல்ல, 50 வயசுக்கு மேல ரெண்டு டோஸ். இந்த புது ஊசிய பத்தி ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி 2024ல அமெரிக்க ஆளுங்க ரெக்கார்ட வச்சு பாத்தாங்க, பழசு போட்டவங்கள விட புதுசு போட்டவங்க மறதி இல்லாம கூடுதல் நாள் இருந்திருக்காங்க

வள்ளி அத்தை: விலைதான். நம்ம அரசாங்க தடுப்பூசி பட்டியல்ல இது இல்ல, வெளியில கேட்டேன், ஒரு டோஸே பத்தாயிரத்துக்கு மேல சொல்றாங்க. ரெண்டு டோஸ்னா நம்ம வீட்ல எல்லாராலயும் முடியாது. ஆனா அக்கி வலிய நான் வார்டுல பாத்திருக்கேன், வீட்லயும் பாத்துட்டேன். மறதிக்கு ஆகுதோ இல்லையோ அந்த வலிக்காகவே அண்ணனும் நானும் போட்டுக்கறது நல்லது, அதுலயும் அண்ணனுக்கு சுகர் வேற

செந்தில் அண்ணன்: அப்பாவுக்கு நான் பாத்துக்கறேன் அத்தை. உங்களுக்கும் சேத்தே பாத்துக்கறேன்

பாலா: கார்த்தி இந்த மாதிரி ஆராய்ச்சி நம்ம ஊர்ல பண்ண முடியாதா? இவ்வளவு ஜனம் இருக்கே

கார்த்திகா: அதத்தான் பாலா நான் ரெண்டு வாரமா யோசிச்சிட்டு இருக்கேன். ஒரு நாள் முன்ன பின்ன வச்சு கோடு போடணும்னா பொறந்த தேதி சரியா இருக்கணும். நம்ம பெரியவங்களுக்கு ஏது? பெரியப்பா உங்க பிறந்தநாள் என்ன

பெரியப்பா: சர்டிபிகேட்ல ஜூன் 1. நெசத்துல கார்த்திகை மாசம்னு அம்மா சொல்வாங்க. பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப வாத்தியார் கைய தலைக்கு மேல சுத்தி காத தொடச் சொன்னாரு, தொட்டுட்டேன், ஜூன் 1னு எழுதிக்கிட்டாரு

வள்ளி அத்தை: எனக்கும் ஜூன்தான் 😄 எங்க வகுப்புல பாதி பேருக்கு ஜூன்

செல்வி சித்தி: அத்தை ஆதார்ல ஜனவரி 1னு இருக்கு

கார்த்திகா: பாத்தீங்களா. வேல்ஸ்ல 1933ல பொறந்த ஒரு சாதாரண பாட்டியோட பொறந்த நாள் சரியா பதிவாகி இருந்ததாலதான் இத்தனை வருஷம் கழிச்சு இந்த உண்மை கெடைச்சிருக்கு. ஆஸ்திரேலியாவுலயும் 2016 நவம்பர்ல இப்படி ஒரு வயசுக் கோட்டோட ஊசி குடுக்க ஆரம்பிச்சாங்க, அங்கயும் பாத்தாங்க, அங்கயும் மறதி குறைஞ்சிருக்கு. இங்க தேதிய வச்சு பிரிச்சா வாத்தியார் எழுதுன ஜூன்தான் வரும். நம்ம புள்ளைங்களுக்கு எல்லாம் ஆஸ்பத்திரியில சர்டிபிகேட் வாங்கிடுறோம், அவங்க கெழவங்களாகுறப்ப இங்கயும் முடியும்

கார்த்திகா: சித்தி அப்பத்தா முழிச்சிருந்தா எப்ப பொறந்தீங்கன்னு கேட்டு பாருங்களேன்

செல்வி சித்தி (9:58): கேட்டேன். மாசி மாசமாம். எங்கய்யா வண்டி கட்டிக்கிட்டு மானாமதுரைக்கு பானை ஏத்த போயிருந்தாரு, நான் பொறந்த சேதி தெரியாம மூணு நாளு கழிச்சுத்தான் வந்தாரு, வந்தவரு ஒரு சின்ன கலயத்த எம் பக்கத்துல வச்சாருன்னு ஆத்தா சொல்லும்னாங்க. வருஷம் கேட்டா தெரியலன்னு சிரிக்கிறாங்க

பெரியப்பா: கலயம் கதை எனக்கே தெரியாதே. இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட சொன்னதில்ல

பெரியப்பா: செல்வி நாளைக்கு காலையில நான் அங்க வர்றேன். இன்னும் என்ன ஞாபகம் இருக்குன்னு கேட்டு போன்ல ரெக்கார்டு பண்ணுவோம்

வள்ளி அத்தை: நானும் வர்றேன் அண்ணே. வர்றப்ப உங்க சுகர் ரிப்போர்ட்ட எடுத்துக்கங்க, திங்கக்கிழமை அப்படியே டாக்டர பாத்துட்டு வந்துருவோம்

செல்வி சித்தி: ரெண்டு பேரும் சாப்பிடாம வாங்க. பணியாரத்துக்கு மாவு இருக்கு