காலநிலை மாற்றத்துக்குச் சுற்றுலாத் தலங்கள் தயாராவதைப் பற்றிய ஆய்வு: எதை அளப்பது?

கரைவழி:
வணக்கம் நண்பர்களே. முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்திருக்கிறேன். நிலைத்த சுற்றுலாவும் (சூழலையும் ஊர்மக்களையும் கெடுக்காமல் தொடரக்கூடியது) காலநிலைத் தகவமைப்பும் என்று தலைப்பு ஏறக்குறைய முடிவாகிவிட்டது, சினாப்சிஸ், அதாவது ஆய்வுத் திட்டச் சுருக்கம், எழுத உட்கார்ந்தால்தான் முட்டுகிறது. படிக்கிற கட்டுரைகளில் பாதி சுற்றுலா எவ்வளவு கார்பன் உமிழ்கிறது என்று பேசுகின்றன. மீதி, ஏறும் வெப்பத்தையும் கடல்மட்டத்தையும் தலங்கள் எப்படிச் சமாளிக்கும் என்று, அதாவது தகவமைப்பைப் பற்றி, பேசுகின்றன. இந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று கண்டுகொள்வதே இல்லை. என் கைடு, "தகவமைப்பை மட்டும் எடு, தலம் தாக்குப்பிடித்தால் அதுதானே நிலைத்த சுற்றுலா" என்கிறார். எனக்கு அது மனதுக்கு ஒட்டவில்லை, ஆனால் ஏன் ஒட்டவில்லை என்று அவரிடம் எடுத்துச் சொல்ல முடியவில்லை. வருகை எண்ணிக்கையை அளவுகோலாக வைத்தால் போதுமா? வேறு எதை அளக்கலாம்?

பனிக்கோடு:
உங்கள் உறுத்தல் நியாயமானது, அதை விட்டுவிடாதீர்கள். உங்கள் கைடிடம் காட்ட ஒரே ஓர் உதாரணம் போதும். நியூசிலாந்தின் ஃபிரான்ஸ் ஜோசப் பனியாற்றில் முன்பெல்லாம் வழிகாட்டியோடு பள்ளத்தாக்கு வழியாக நடந்தே போய்ப் பனியின் மேல் ஏறுவார்கள். பனியாறு வேகமாகப் பின்வாங்கி அதன் முகப்பு ஆபத்தான இடமாகிவிட்டதால் 2012இல் அந்த நடைவழி நின்றுபோனது. அதற்கப்புறம் பனியில் கால் வைக்க வேண்டுமென்றால் ஹெலிகாப்டர்தான். தொழில் நிற்கவில்லை, ஆட்களும் வருகிறார்கள், தகவமைப்பு என்று பார்த்தால் வெற்றி. ஆனால் பனியை உருக்குகிற அதே காரணத்துக்கு ஒவ்வொரு பயணமும் இன்னும் கொஞ்சம் சேர்க்கிறது. வருகை எண்ணிக்கையை மட்டும் அளந்தால் இது உங்கள் அட்டவணையில் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும்!

பனிச்சறுக்கு மையங்களும் இதே கதைதான். 2023இல் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் வந்த ஆய்வு 28 ஐரோப்பிய நாடுகளில் 2234 மையங்களை எடுத்துக்கொண்டது. புவி வெப்பம் 2 டிகிரி உயர்ந்தால், செயற்கைப் பனி இல்லாத நிலையில் 53 சதவீத மையங்களுக்குப் பனிப் பற்றாக்குறை வரும் அபாயம் மிக அதிகமாக இருக்கும். சரிவுகளில் பாதிக்குச் செயற்கைப் பனி போட்டால் அது 27 சதவீதமாகக் குறைகிறது. அந்தக் குறைவு தண்ணீரிலும் மின்சாரத்திலும்தான் வாங்கப்படுகிறது, அந்த ஆய்வாளர்கள் அதையும் சேர்த்தே கணக்குப் பார்த்திருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டிய முறை அதுதான் என்று நினைக்கிறேன்.

அலைமேடை:
பனிக்கோடு சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் என்னைக் கேட்டால் உமிழ்வைவிட முக்கியமான இன்னொரு கேள்வி விட்டுப்போகிறது: யார் தகவமைத்துக்கொள்கிறார்கள்? ஐ.நா.வின் சுற்றுலா அமைப்பும் சுற்றுச்சூழல் அமைப்பும் சேர்ந்து 2008இல் வெளியிட்ட அறிக்கையிலேயே இது தெளிவாக இருக்கிறது. பயணிக்குத் தகவமைக்கும் வசதி மிக அதிகம், இந்த ஊர் சுட்டால் அவர் வேறு ஊருக்கு டிக்கெட் போட்டுக்கொள்வார். டூர் ஆபரேட்டர் தன் பட்டியலை மாற்றிக்கொள்வார். கட்டிடத்தில் பணத்தைப் போட்டவருக்கு அது கடினம். அந்த மண்ணிலேயே பிறந்து அங்கேயே வேலை பார்க்கிறவருக்கு எல்லாரையும்விடக் கடினம். அப்படியிருக்க, நான் படித்த வரையில் நேர்காணல் எல்லாம் மேலாளர்களிடமும் அதிகாரிகளிடமும்தான் எடுக்கப்படுகிறது. அறை சுத்தம் செய்கிறவர், படகு ஓட்டுகிறவர், சீசனுக்கு மட்டும் வேலைக்கு வருகிறவர், இவர்களிடம் யாரும் போவதில்லை. வெப்ப அலை வரும்போது ரிசார்ட் குளிர்சாதனத்தைக் கூட்டி வைக்கும், வெளியே வெயிலில் நின்று பெட்டி தூக்குகிறவருக்கு என்ன தகவமைப்பு?

கடற்கரையை எடுத்துக்கொண்டாலும் இதேதான். ஒரு விடுதி தன் முன்னால் இருக்கும் மணலைக் காப்பாற்றக் கடலுக்குள் தடுப்பு நீட்டினால், கரையோரமாக நகரும் மணல் அங்கேயே தங்கிவிடும், அடுத்திருக்கும் கரைக்கு மணல் போகாமல் அங்கே அரிப்பு கூடும். விடுதிக்குள் மட்டும் அளந்தால் இது தெரியாது. அதனால் உங்கள் ஆய்வின் எல்லையை எங்கே கோடு போடுகிறீர்கள் என்பதை முதல் அத்தியாயத்திலேயே முடிவு செய்யுங்கள், விடுதிச் சுவருக்கு அப்பால் இருப்பவர்களும் உள்ளே வர வேண்டும்.

நடுக்கணக்கு:
கொஞ்சம் மறுத்துப் பேச வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் உள்ளே இழுத்தால் ஆய்வேடு முடியாது, அந்த வகையில் கைடு சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. அப்புறம், உமிழ்வைக் கட்டாய நிபந்தனையாக வைப்பதில் ஓர் அநியாயமும் ஒளிந்திருக்கிறது. உலகப் பசுங்குடில் வாயு உமிழ்வில் சுற்றுலாவின் பங்கு 2019இல் 8.8 சதவீதம் என்று 2024இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது, அதில் விமானப் பயணத்துக்குப் பெரிய இடம் உண்டு. மாலத்தீவின் நிலத்தில் சுமார் 80 சதவீதம் கடல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர்கூட உயரமில்லை. அவர்களிடம் போய், "கடல் தடுப்புச்சுவர் கட்டுவதற்கு முன்னால் உங்கள் விருந்தாளிகளின் விமானப் புகைக்குக் கணக்குக் காட்டுங்கள்" என்று சொல்ல முடியுமா? அந்த விமானம் எதில் பறக்கிறது, எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதில் அந்தத் தீவுக்கு அதிகாரம் மிகக் குறைவு. தலத்தின் கையில் இருப்பதையும் இல்லாததையும் பிரித்து எழுதுங்கள்.

அளவுகோல் பற்றிக் கேட்டீர்கள். மெச்கோவ்ஸ்கி 1985இல் உருவாக்கிய சுற்றுலாக் காலநிலைக் குறியீட்டைப் பலரும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போடுகிறார்கள். வெப்பம், ஈரப்பதம், மழை, வெயில், காற்று எல்லாம் அதில் உண்டு, ஆனால் அது ஊர் சுற்றிப் பார்ப்பவருக்கு வானிலை எவ்வளவு இதமாக இருக்கும் என்றுதான் சொல்லும். அந்த ஊர் தண்ணீருக்கு என்ன செய்யும் என்று சொல்லாது.

கரைவழி:
மிக்க நன்றி, மூவருக்கும். தலத்தை அலகாக எடுக்காமல் ஒவ்வொரு நடவடிக்கையையும் அலகாக எடுக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது: தடுப்புச்சுவர், செயற்கைப் பனி, சீசனை நகர்த்துவது என்று தனித்தனியாக. ஒவ்வொன்றுக்கும் செலவு யார் தலையில், பயன் யாருக்கு, தலத்தின் பொறுப்பில் வரும் உமிழ்வு கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்தால் கைடும் ஒத்துக்கொள்வார். விமானப் பயணத்தைத் தனி அத்தியாயமாக ஒதுக்கிவிடுகிறேன். ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?

பனிக்கோடு:
2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் சுற்றுலாத் துறைக்கென்று ஒரு பிரகடனம் வந்தது. 2030க்குள் உமிழ்வைப் பாதியாக்குவோம் என்ற உறுதிமொழி அதில் இருக்கிறது. கையெழுத்திட்டவர்கள் 12 மாதத்துக்குள் செயல்திட்டம் தர வேண்டும். அந்தத் திட்டங்களை எடுத்துப் படியுங்கள், தகவமைப்புக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அலைமேடை:
அதோடு, களப்பணியை சீசன் இல்லாத மாதங்களிலும் வைத்துக்கொள்ளுங்கள். சீசனில் தொழிலாளர்களுக்குப் பேச நேரம் இருக்காது, மேலாளர் பக்கத்திலேயே நிற்பார். சீசன் முடிந்து வேலை இல்லாமல் இருக்கும்போது அவர்கள் சொல்வது வேறாக இருக்கும்.