பெரியப்பாவின் பயண நோட்டுகள் ஏழு பெட்டி: யாரிடம் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது?

ஜெலுத்தோங்காரி:

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் பெரியப்பா வீடு விலைபோய்விட்டது. மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்க வேண்டும். பெரியப்பா ஒரு தமிழ் நாளிதழுக்கு இருபது வருடங்களுக்கு மேல் வெளிநாட்டுச் செய்தி எழுதியவர். மேடான், கொழும்பு, சென்னை, சைகோன் என்று சுற்றியிருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போன வருடம் தவறிவிட்டார்.

மாடி அறையில் ஏழு பெட்டி. பிஸ்கட் டின்களில் நோட்டுகள், எண்ணிப் பார்த்தேன், 31. அப்புறம் டைப் அடித்த கட்டுரைகளின் கார்பன் நகல்கள், வேட்டிக் கரையைக் கிழித்துக் கட்டிய கடிதக் கட்டுகள், ஒரு டின் நிறைய போட்டோ நெகடிவ். அந்த டின்னைத் திறந்தால் வினிகர் வாடை மூக்கில் ஏறுகிறது.

1964 சென்னை நோட்டை நேற்று இரவு படித்தேன். வலப்பக்கம் மனிதர்கள் சொன்னது, இடப்பக்கம் செலவுக் கணக்கு. ரிக்‌ஷா ஒரு ரூபாய், காபி 15 பைசா, செருப்புத் தைக்க 10 பைசா. எதிர்ப்பக்கத்தில் ரங்கூன் கப்பலிலிருந்து இறங்கிய ஓர் அம்மா. டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு மூன்று தடவை ஒரே கேள்வி கேட்டாராம்: "தேவகோட்டைக்கு எந்த வண்டி?" கீழே பெரியப்பா பென்சிலில், "யாரும் வரவில்லை. மாலை வரை இருந்தேன்" என்று எழுதியிருக்கிறார். பத்திரிகையில் வந்த கட்டுரையும் என்னிடம் இருக்கிறது. அதில் அந்த அம்மா இல்லை.

என் அண்ணன், அச்சில் வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பழைய பேப்பர் எடுக்கும் பேப்பர் லாமா லோரியில் ஏற்றிவிடலாம் என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. வருட வாரியாக அடுக்கிக் கொடுத்தால் யாராவது வாங்குவார்களா? நோட்டில் பலருடைய பெயரும் விலாசமும் இருக்கின்றன. அது பரவாயில்லையா?

பட்டர்வொர்த் தம்பி:

அக்கா, லோரியைக் கூப்பிட்டுவிடாதீர்கள். இடம்தான் பிரச்சினை என்றால் எங்கள் கடை மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது, ஆறு மாதம் வைத்துக்கொள்ளலாம். வேறு எங்கே வைத்தாலும் கீழ்த்தளம் மட்டும் வேண்டாம். 2017 நவம்பர் வெள்ளத்தில் அம்மாவின் கல்யாண ஆல்பம் முழுக்க ஒட்டிப்போய்ச் செங்கல் மாதிரி ஆகிவிட்டது.

செந்தூல் வாசகன்:

சகோதரி, முதலில் ஒன்று. வருட வாரியாக அடுக்காதீர்கள். தயவுசெய்து.

நான் ஒரு நூலகத்தில் முப்பது வருடம் பட்டியல் போட்டவன். ஆனால் அந்த வேலைக்குச் சேர்வதற்கு முன், என் அப்பா இறந்தபோது, அவர் கடிதங்களை நான்தான் அடுக்கினேன். அப்பா கப்பலில் கிராணி, அதாவது குமாஸ்தா. கட்டுகளைப் பிரித்து, தேதிப்படி வைத்து, உறைகளையெல்லாம் தபால்தலை சேர்க்கும் ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டேன். பாதிக் கடிதங்களில் ஊர் பெயரே கிடையாது. அது உறைமேல் இருந்த தபால் முத்திரையில்தான் இருந்தது. யார் கடிதத்தோடு யார் கடிதத்தைச் சேர்த்துக் கட்டியிருந்தார் என்பதும் போயிற்று. இன்றைக்கும் அந்தக் கடிதங்களை எடுத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

உங்கள் பெரியப்பா கட்டிய கட்டு அவரே போட்ட பட்டியல். ஒரு நிருபர் ஒரு நோட்டையும் ஒரு கடிதத்தையும் ஒரு ரசீதையும் சேர்த்துக் கட்டினால், அந்த மூன்றும் ஒரே வேலைக்கானவை. ஆவணக் காப்பகத்தில் வேலை செய்பவர்கள் முதலில் தேடுவது இந்த ஒழுங்கைத்தான். அதனால் ஒவ்வொரு பெட்டியையும் திறந்தவுடன் மேலிருந்து ஒரு போட்டோ, ஓர் அடுக்கு எடுத்ததும் இன்னொரு போட்டோ. பெட்டிக்கு ஓர் எண், கட்டுக்கு ஓர் எண். தாள்மேல் எழுதுவதானால் பென்சில் மட்டும். என்ன இருக்கிறது என்று இரண்டு பக்கத்தில் ஒரு பட்டியலைத் தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள். வாங்குகிறவருக்குத் தமிழ் படிக்க வராது என்றாலும் பெட்டியின் அருமை புரிய வேண்டும்.

ரப்பர் பேண்டு இருந்தால் கழற்றுங்கள், நம் சீதோஷ்ணத்தில் அது உருகித் தாளோடு ஒட்டும். செலோடேப் போடாதீர்கள். லேமினேட் செய்யவே செய்யாதீர்கள், பிறகு பிரிக்க வழியில்லை. வினிகர் வாடை வருகிறது என்றால் அது அசிடேட் ஃபிலிம், சிதைய ஆரம்பித்துவிட்டது. அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் நல்ல ஃபிலிமையும் கெடுக்கும். அந்த டின்னை மட்டும் இன்றே தனி அறைக்கு மாற்றுங்கள், வீட்டிலேயே குளிர்ச்சியான இடமாக. ஸ்கேன் செய்யப் பணம் குறைவாக இருந்தால் முதலில் அதற்குச் செலவழியுங்கள். நோட்டுகள் காத்திருக்கும், நெகடிவ் காத்திருக்காது.

ஸ்கேன் செய்த பிறகும் மூலத்தைத் தூக்கிப் போட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். பென்சிலில் எழுதியது அன்றைக்கே எழுதியதா, பிறகு சேர்த்ததா என்பது மூலத் தாளைப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தச் சென்னை நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பர்மாவில் 1964இல் கடைகளை அரசுடைமையாக்கி, 50, 100 கியாட் நோட்டுகளையும் செல்லாது என்று அறிவித்தார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த தமிழர்கள் கப்பல் ஏறினார்கள். அதே வருடம் அக்டோபரில்தான் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத்திலிருந்து 525,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக. எண்ணிக்கை எல்லா இடத்திலும் கிடைக்கும். தேவகோட்டைக்கு வண்டி கேட்ட அம்மா உங்கள் மாடியில் மட்டும்தான் இருக்கிறார். கெர்ட்ரூட் பெல் என்ற ஆங்கிலேயப் பெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். அரபு நாடுகளிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், நாட்குறிப்பு, போட்டோ எல்லாம் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 2017இல் யுனெஸ்கோ அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நம் ஆள் ஒருவரின் நோட்டும் அந்த மரியாதையோடு ஒரு தட்டில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

எங்கே கொடுப்பது என்றால், கோலாலம்பூரில் அர்கிப் நெகாரா, அதாவது தேசிய ஆவணக் காப்பகம். 1957இல் ஆரம்பித்தது. அரசுக் கோப்பு மட்டுமல்ல, தனிமனிதர் தாள்களும் அங்கே இருக்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956லிருந்து இருக்கிறது, அங்கேயும் கேளுங்கள். சென்னையில் ரோஜா முத்தையா நூலகம், கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்ததிலிருந்து 1994இல் உருவானது. ஆனால் இந்தப் பெட்டிகள் இந்த நாட்டிலேயே இருக்கட்டும் என்று நான் சொல்வேன். பிரதியை வேண்டுமானால் அங்கே அனுப்பலாம். எங்கே கொடுத்தாலும் ஏழு பெட்டியும் ஒரே இடத்துக்குப் போகட்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அண்ணி:

பெயர், விலாசம் பற்றிக் கேட்டீர்கள். நான் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன். பெட்டியைக் கொடுப்பது வேறு, பதிப்புரிமையைக் கொடுப்பது வேறு. நம் நாட்டில் பொதுவாக எழுதியவர் இறந்து 50 வருடம் வரை உரிமை இருக்கும். பெரியப்பாவுக்கு வந்த கடிதங்களின் உரிமை எழுதியவர்களுடையது. சம்பளத்துக்கு எழுதிய கட்டுரைகள், வேறு பேச்சு இல்லையென்றால், பத்திரிகைக்குச் சேரும். கொடுக்கும்போது எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். குறிப்பிட்ட நோட்டுகளை இத்தனை வருடம் கழித்துத்தான் திறக்கலாம் என்று அதிலேயே எழுதலாம். அவரை நம்பிப் பேசியவர்களின் பிள்ளைகள் இன்னும் இருப்பார்கள். அண்ணனும் கையெழுத்துப் போடட்டும், பிறகு குடும்பத்தில் பேச்சு வராது.

ஜெலுத்தோங்காரி:

செந்தூல் ஐயா, உங்கள் அப்பாவின் உறைகளைப் பற்றிப் படித்துவிட்டு உடனே மாடிக்கு ஓடினேன். முதல் கட்டை ஏற்கெனவே பிரித்துவிட்டேன். நல்லவேளை, வாட்சப்பில் அக்காவுக்கு அனுப்ப எடுத்த போட்டோ இருந்தது, அதைப் பார்த்து அப்படியே திரும்பக் கட்டிவிட்டேன். உறை ஒன்றுகூடப் போகவில்லை.

நெகடிவ் டின் இப்போது என் வீட்டு ஏர்கான் அறையில். இன்று இரண்டாவது பெட்டியை அடுக்கு அடுக்காக எடுத்தேன். சென்னை நோட்டோடு சேர்த்து ஒரு தபால் அட்டை கட்டியிருந்தது. தேவகோட்டை முத்திரை, 1965. "வந்து சேர்ந்தோம். நீங்கள் வாங்கிக் கொடுத்த டிக்கெட்டுக்கான பணம் இத்துடன் மணியார்டரில்" என்று நான்கு வரி. அண்ணனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார், அப்புறம் மூன்றாவது பெட்டியைத் தானே கீழே இறக்கினார்.

தம்பி, சனிக்கிழமை காலை வேன் கிடைக்குமா? பெட்டிகளை உங்கள் கடை மாடிக்குக் கொண்டுவருகிறோம். அர்கிப்புக்குத் திங்கட்கிழமை போன் செய்கிறேன்.