பிளேட் கவசம் போட்டவளுக்குத் தொப்புள் எப்படித் தெரிந்தது? டி அண்ட் டி காமிக்ஸில் பெண்கள்: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கெலவரப்பள்ளி மீன்:
கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு மொட்டை மாடி, எதிரே மலைக்கோட்டை, ஞாயிறு மாலை ஐந்து பேர் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஆடுவோம்: ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பேசியும் பகடை உருட்டியும் கதையை நகர்த்தும் மேசை ஆட்டம். நாங்கள் ஆடியதை நான்கு கட்டக் காமிக்ஸாக வரைந்து குரூப்பில் போடுகிற தம்பி ஒருவன் இருக்கிறான். நான் ஃபைட்டர், சண்டைக்காரி. உடம்பு முழுக்க மூடும் பிளேட் கவசம், ஏ.சி. 18 (என்னை அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று காட்டும் எண்). அதன் விலை 1,500 பொற்காசைச் சேர்க்க எனக்கு நான்கு மாதம் ஆனது. அவன் படத்தில் மற்ற மூன்று பேருக்கும் கழுத்துவரை சட்டை. எனக்கு மட்டும் மேலே இரண்டு தட்டு, இடுப்பில் ஒரு தட்டு, நடுவில் தொப்புள். பூதமே, இங்கே குத்து என்று இடம் காட்டியது போல. மாங்காயை உப்பு மிளகாய்த்தூளில் தோய்த்தபடி எல்லாரும் ‘செம’ என்றார்கள். நானும் ‘செம’ என்றுதான் சொன்னேன். அதுதான் உறுத்துகிறது. அவன் கெட்டவன் இல்லை, படித்த காமிக்ஸில் பார்த்ததை வரைகிறான். அந்தப் படம்தான் இன்றுவரை குரூப் ஐகான்.

பாலக்கோடு டிஎம்:
எனக்கு நடந்தது வேறு மாதிரி. ‘நைட்ஸ் ஆஃப் தி டின்னர் டேபிள்’ காமிக்ஸ் தெரியும்தானே, நம்மைப் போல ஆடுகிறவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கத்திக்கொண்டே இருப்பார்களே. பாபும் டேவும் எது வந்தாலும் வெட்டப் போவார்கள், சாரா மட்டும் பேசிப் பார்க்கலாம் என்பாள். அவள் வரும் கட்டங்களைத் தாண்டித்தான் படிப்பேன், போரடிக்கும். போன மே லீவில் நான் டிஎம்மாக, அதாவது கதையை நடத்துபவனாக, இருந்த ஆட்டத்துக்கு மாமா பொண்ணு வந்தாள். பாலத்தில் காவல் நின்ற ஓர்க் என்ற அரக்கனிடம், “உனக்குச் சம்பளம் ஒழுங்கா தர்றாங்களா?” என்று கேட்டாள். பகடைகூட உருட்டச் சொல்லாமல், “அவன் உன்னை வெட்டிட்டான்” என்றேன். கையிலிருந்த இருபது பக்கப் பகடையை மெல்ல மேசையில் வைத்துவிட்டு, “சரி மாமா” என்றாள். அப்புறம் வரவே இல்லை.

தொப்பூர் இறக்கம்:
மீன் அக்கா, ஒரு படத்தைப் போய் இவ்வளவு பெரிசாக்கணுமா? ஃபேன்டஸியில் ஆண்களும்தான் சட்டையில்லாமல் திரிகிறார்கள். என் கதை இது: அலமாரியில் இருந்த ‘ராட் குவீன்ஸ்’ அம்மா கையில் சிக்கியது. நான்கு பெண்கள் குடித்துவிட்டு அடிதடி செய்கிற காமிக்ஸ், தொலைந்தோம் என்று நினைத்தேன். அம்மா வயலட் என்ற பாத்திரத்தில் நின்றுவிட்டார். தாடியை மழித்துக்கொண்ட ட்வார்ஃப் (குள்ளர் இனம்) அவள். “ஏன்டா, பொம்பளைக்கு ஏது தாடி?” அவங்க இனத்தில் பெண்களுக்கும் உண்டும்மா என்றேன். அம்மா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, முகவாயைத் தடவிக்கொண்டு, “எனக்கும்தான் வருது. மாசாமாசம் பார்லர்ல நூல் போடறேன், உனக்குத் தெரியுமா?” என்றார். தெரியாது.

பென்னாகரம் ஜடை:
தொப்பூர், ஆண் சட்டையில்லாமல் நிற்பது புஜத்தைக் காட்ட. இவள் ஷீட்டில், அதாவது பாத்திரத்தின் விவரத்தாளில், கவசம் என்று எழுதியிருந்தும் வரைந்தவன் கழற்றினான். இரண்டும் ஒன்றா? போகட்டும். என் அப்பா பாரதக் கூத்தில் பாஞ்சாலி வேஷம் கட்டுபவர். ‘டை’ காமிக்ஸில் நிஜத்தில் ஆணாக வாழும் ஆஷ், ஆட்டத்துக்குள் போனால் பெண். அதைப் படித்த தைரியத்தில் நானும் ஒரு பெண் பாத்திரம் எடுத்தேன். முதல் வசனத்துக்கே ஒருவன் குரலை இழுத்து “என்னடீ” என்றான். மேசையே சிரித்தது, ஆட்டம் நின்றது. அப்பா துகில் கட்டத்தில் அழுதால் ஊரே அழும். விடிகாலையில் ஜடையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் இதைச் சொன்னேன். “சிரிச்சப்ப நீ என்ன பண்ண?” என்றார். நானும் சிரிச்சேன் என்றேன். டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

அதியமான்கோட்டை நெல்லி:
எனக்குப் பெரிய கதையெல்லாம் இல்லை. ஜாக் சிக் என்ற கிறிஸ்தவப் பிரசாரகர் 1984-இல் போட்ட ‘டார்க் டஞ்சன்ஸ்’ துண்டுக் காமிக்ஸை அனுப்பி, இதை ஆடினால் கெட்டுப்போவாய் என்றார் ஒருவர். ஆட்டத்தைத் திட்ட வந்த அதில்தான் டிஎம்மும் பெண், கதையைத் தாங்கும் ஆட்டக்காரிகள் இருவரும் பெண்கள்! சிரித்துவிட்டேன். சரி, யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மீன் அக்கா, முதலில் ஐகானை மாற்றுங்கள். தம்பியிடம் சண்டை வேண்டாம், ஷீட்டில் உள்ள சாமான் பட்டியலை போட்டோ எடுத்து அனுப்புங்கள். பிளேட் கவசம் 65 பவுண்டு, கிட்டத்தட்ட 30 கிலோ. சிமெண்ட் மூட்டையில் பாதிக்கு மேல். அதைச் சுமப்பவளுக்குத் தோள் எப்படி இருக்கும், கால் எப்படி ஊன்றும் என்று யோசித்து வரையட்டும். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகல் இருக்கிறது, வாளோடு நிற்கிறவன் கால் வைத்திருக்கும் விதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு படம் போதும், அவசரத்தில்தான் பழைய அச்சு வரும். பாலக்கோடு, மாமா பொண்ணுக்கு போன் போட்டு அந்த ஓர்க்குக்கு எவ்வளவு சம்பளம் என்று சொல்லுங்கள். பென்னாகரம், அப்பாவை ஒருநாள் மேசைக்கு அழைத்துப் போங்கள். தொப்பூர், உங்கள் அம்மாவையும்தான்.

பாலக்கோடு டிஎம்:
போட்டேன். எடுக்கவில்லை.

கெலவரப்பள்ளி மீன்:
நெல்லி சொன்னபடி பட்டியலை அனுப்பினேன். நேற்று புதுப் படம் வந்தது. கவசம் கழுத்துவரை, கச்சிதம். ஆனால் என்னைப் பின்வரிசையில் நிறுத்தி, கையில் மருந்துப் பை கொடுத்திருக்கிறான். நான் எப்போதப்பா வைத்தியம் பார்த்தேன்?