பேஸ்பால் மைதான அறிவிப்பாளர் பணி முழுநேரத் தொழிலாக அமையுமா?

முகிலன் (கேள்வி):
அமெரிக்க பேஸ்பால் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, வர்ணனையாளரின் பேச்சுக்கு இடையே, மைதானத்து ஒலிபெருக்கியில் ஆட்டக்காரரின் பெயரை அறிவிக்கும் இன்னொரு குரலும் கேட்கிறது. அந்தப் பணிக்கு ஒருவர் எவ்வாறு வருகிறார், அதை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்த இயலுமா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். பெயரையும் எண்ணையும் வாசிக்கத் தனித்திறமை எதற்கு என்ற ஐயமும் எனக்கு உண்டு.

தாமரைச்செல்வி:
உங்கள் ஐயத்துக்கு பாப் ஷெப்பர்டின் வாழ்க்கையே போதுமான விடை. நியூயார்க் யாங்கீஸ் அணியின் மைதானத்தில் 1951 ஏப்ரலில், புகழ்பெற்ற ஆட்டக்காரர் மிக்கி மேண்டில் அந்த அணிக்காகத் தம் முதல் ஆட்டத்தை ஆடிய அதே நாளில் பணியைத் தொடங்கிய அவர், 2007 வரை அங்கே அறிவித்தார். இத்தனைக்கும் அவருடைய தொழில் ஆசிரியப் பணி. பள்ளியிலும் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்திலும் பேச்சுக்கலை கற்பித்தவர். தெளிவு, சுருக்கம், பிழையின்மை ஆகிய மூன்றையே அவர் தம் விதியாகக் கொண்டிருந்தார். புதிய ஆட்டக்காரரின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று ஐயம் எழுந்தால், ஆட்டத்துக்கு முன்பே அவரிடமே கேட்டு உறுதி செய்துகொள்வார். ஒருவர் முதன்முறை மட்டை பிடிக்க வரும்போது அவருடைய எண்ணைப் பெயருக்கு முன்னும் பின்னுமாக இருமுறை சொல்வது அவர் வழக்கம். முதல்முறை தவறவிட்டவரும் இரண்டாம் முறையில் பிடித்துக்கொள்வார். பெரிய அரங்குகளில் சொல் எதிரொலித்துத் திரும்பும் என்பதால், ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டே அவர் பேசினார். வேகமாக வாசிப்பவர் எவராயினும் அங்கே தோற்றிருப்பார். யாங்கீஸ் ஆட்டக்காரர் ரெஜி ஜாக்சன் அவருடைய குரலைக் கடவுளின் குரல் என்றே அழைத்தார்.

இளங்கோ:
தாமரைச்செல்வி அம்மையார் கூறியதை ஏற்கிறேன். ஆயினும் அந்த அடக்கமான பாணியே எல்லா விளையாட்டுக்கும் பொருந்தும் என்று கொள்ளலாகாது. 1990களில் சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணியின் ஆட்டக்காரர்களை, விளக்குகள் அணைக்கப்பட்ட அரங்கில் ரே கிளே முழங்கி அறிமுகப்படுத்தியதைப் பார்த்தவர்கள், அந்த ஆரவாரத்தில் அறிவிப்பாளருக்கும் பங்கு உண்டு என்பதை மறுக்க மாட்டார்கள். ஆனால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது முழுக்க முழுக்கக் கூச்சலிடும் இன்றைய வழக்கம் எனக்கு உவப்பானதன்று.

முகிலன்:
விரிவான விளக்கத்துக்கு நன்றி. வருமானம் பற்றியும், பணிக்குச் செல்லும் வழி பற்றியும் சற்றுக் கூற இயலுமா?

தாமரைச்செல்வி:
ஒரு பெரிய பேஸ்பால் அணி வழக்கமான பருவத்தில் தன் சொந்த மைதானத்தில் ஆடுவது 81 ஆட்டங்களே. ஆகவே பெரும்பாலோருக்கு இது வேறொரு தொழிலோடு சேர்த்துச் செய்யும் பணிதான். ஷெப்பர்டுகூட 1956 முதல் அரை நூற்றாண்டு காலம் நியூயார்க் ஜயண்ட்ஸ் என்னும் அமெரிக்கக் கால்பந்து அணிக்கும் அறிவித்தார். சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணிக்கு 1916 முதல் 1974 வரை அறிவித்த பாட் பைப்பர் உணவகத்தில் பரிமாறும் வேலையும் பார்த்தார். மின் ஒலிபெருக்கி வருமுன் அவர் மைதானத்தில் நடந்தபடியே ஊதுகுழல் போன்ற கூம்பைப் பிடித்துக் கத்தவேண்டியிருந்தது. நுழைவு வழிக்கு ஷெர்ரி டேவிஸ் நல்ல எடுத்துக்காட்டு: சட்ட அலுவலகச் செயலாளராக இருந்த அவர், சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் பேஸ்பால் அணி நடத்திய பொதுக் குரல் தேர்வில் வென்று, 1993இல் அமெரிக்க பேஸ்பாலின் உயர்மட்டமான மேஜர் லீக்கின் அணி ஒன்றுக்கு முதல் நிரந்தரப் பெண் அறிவிப்பாளரானார். அத்தகைய பொதுத் தேர்வுகள் எப்போதும் நடப்பதில்லை என்பதால், பள்ளி, கல்லூரி ஆட்டங்களிலும் சிறிய லீக் ஆட்டங்களிலும் அறிவித்துப் பழகிய பதிவுகளைக் கையில் வைத்திருப்பது நல்லது.